ஆர்டர் தொங்கும் மாதங்களில் ஆட்களிடம் என்ன சொல்வது? (கோபாலபுரம் – மீனாட்சிபுரம் பித் யூனிட்டுகள்)

30 ஆகஸ்ட் 2025, சனி, இரவு 9.40 | பித்_சூப்பர்வைசர்

38 பேர் வேலை பாக்குற பித் யூனிட். தேங்காய் நார் மில்லுல மிஞ்சற தூளை (பித்) கழுவி, களத்துல காய வெச்சு, பிளாக்கா அழுத்தற வேலை. மாசம் 4 கன்டெய்னர் அமெரிக்காவுக்குப் போகும். 27ஆம் தேதி இந்தியச் சரக்குக்கு அமெரிக்க இறக்குமதி வரி 50 சதவீதம் ஆனதும் வாங்குறவர் ரெண்டை நிறுத்தி வெச்சுட்டாருங்க. ரத்துன்னும் சொல்லல. முதலாளி, "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, பயந்து ஓடிருவாங்க"ங்கறார். ஆனா களத்துல பாதி ஆளுக்கு ஏற்கெனவே தெரிஞ்சுபோச்சு. 20 பேர் உள்ளூரும் பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமும். 18 பேர் பீகார், ஒடிசா. சொல்லலாமா, வேண்டாமா? சொன்னா எப்பச் சொல்றது?

30 ஆகஸ்ட், இரவு 10.55 | கிழக்குக்களம்

சொல்லிவிடுங்கள். நீங்கள் வாயைத் திறக்காவிட்டாலும் களம் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. மட்டை லாரி ரெண்டு நாள் வரவில்லை. பிளாக் சுற்றும் ரோல் புதிதாக இறங்கவில்லை. கணக்குப்பிள்ளை டேப் எடுத்துக் குவியலை அளக்கிறார். யாரோ புதியவர் வந்து பிளாக் அழுத்தும் பிரஸ்ஸைப் போட்டோ எடுக்கிறார். பத்து வருஷம் களத்தில் நின்ற ஆளுக்கு இது போதும், அவரே கூட்டிக் கழித்துக்கொள்வார். தகவல் இல்லாமல் போடுகிற அந்தக் கணக்கில் விடை எப்போதும் பூஜ்யம்.

ஆனால் வெறுங்கையோடு போய் நிற்காதீர்கள். முதலில் முதலாளியிடம் நாலு எண் வாங்குங்கள்:

உறுதியான கன்டெய்னர் எத்தனை. கையிருப்புப் பணம் எத்தனை வாரக் கூலிக்குத் தாங்கும். காய்ந்த பித் எத்தனை டன். அடுத்த 15 நாளில் நார் மில்லிலிருந்து வரவேண்டிய ஈரப் பித் எத்தனை லோடு.

இரண்டாவதைச் சொல்ல முதலாளிகள் கூசுவார்கள். ரூபாயாகக் கேட்காமல் வாரமாகக் கேளுங்கள், வந்துவிடும்.

31 ஆகஸ்ட், ஞாயிறு, காலை 7.10 | கிழக்குக்களம்

ராத்திரி விட்டுப்போனது: கணக்கு.

மாதம் 26 நாள், 38 பேர். மொத்தம் 988 ஆள்-நாள் (ஒரு ஆளின் ஒரு நாள் வேலை). இது 4 கன்டெய்னருக்கு என்றால் ஒன்றுக்கு 247. இப்போது உறுதியாக இருப்பது 2, அதாவது 494. இதைப் பார்த்ததும் "பாதி ஆள் போதும்" என்றுதான் கை போகும். அங்கேதான் தவறு. காவல், களம் கூட்டுதல், பிரஸ் பராமரிப்பு, ஈசி சோதனை (பித்தில் உப்பு எவ்வளவு என்று மீட்டரில் பார்ப்பது) எல்லாம் கன்டெய்னர் பாதியானால் பாதியாகிற வேலை இல்லை.

வாரத்துக்கு ஆளுக்கு 4 நாள் கொடுத்தால் 152 ஆள்-நாள், மாதத்துக்குச் சுமார் 658. 494ஐக் கழித்தால் 164. இந்த 164க்கு வேலை கண்டுபிடிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. நாள் கூலி 650 என்று வைத்தால் 1,06,600 ரூபாய். முதலாளியிடம் இந்த ஒரு எண்ணை எழுதிக் கொடுங்கள். பக்கத்திலேயே இன்னொன்றும் எழுதுங்கள்: 18 பேர் போய்விட்டால் மேஸ்திரி கமிஷன், ரயில் செலவு, புது ஆள் கை பழகும் வரை உடையும் பிளாக், இதெல்லாம் சேர்த்து எவ்வளவு. அதற்கப்புறம் அவரே முடிவு செய்யட்டும்.

அந்த 164ஐ எதில் போடுவது? அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். வந்தால் களம் காயாது. ஆகவே செப்டம்பர் வெயில் முழுவதும் கழுவி, காய வைத்து, சலித்துச் சேர்ப்பதுதான் வேலை. பிளாக்காக அடித்து வைக்காதீர்கள். அடித்து, வாங்குபவர் பெயர் போட்ட கவரில் சுற்றிவிட்டால் அது அவருக்கு மட்டும்தான். தூளாக இருந்தால் 5 கிலோ பிளாக்காகவும் போகும், 650 கிராம் பிரிக்கெட்டாகவும் போகும், குரோ பேக்குக்கும் (செடி வளர்க்கும் பை) போகும். கால்சியம் நைட்ரேட் போட்டு பஃபர் செய்கிற (பித்தில் ஒட்டியிருக்கும் உப்பை நீக்குகிற) செலவையும் ஆர்டர் கையில் வரும்வரை தள்ளிப்போடுங்கள். ஈரம் 15–18 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 20 தாண்டினால் தார்ப்பாய்க்குள் சூடு ஏறிப் பூஞ்சை பிடிக்கும். அப்புறம் 164 ஆள்-நாளும் குப்பை.

31 ஆகஸ்ட், காலை 11.25 | வேலந்தாவளம்_பஸ்

சிக்கனம்னு ஆரம்பிச்சா எல்லா ஆபீஸும் முதல்ல கைவைக்கிறது பத்தரை மணி டீயிலயும் வடையிலயும்தான். 20 ரூபாய் வீதம் 38 பேருக்கு நாளைக்கு 760 மிச்சம். ஆனா "கம்பெனி முழுகப் போகுது"ன்னு நோட்டீஸ் அடிச்சு ஒட்டினாக்கூட அவ்வளவு வேகமாப் பரவாது. வடை நின்னா மறுநாளே டிக்கெட் தேடுவாங்க.

31 ஆகஸ்ட், மதியம் 12.05 | கிழக்குக்களம்

வடைக்கு என் ஓட்டும் உண்டு. அட்வான்ஸும் அப்படித்தான். ஒரேயடியாக நிறுத்தினால் பீதி, பழையபடி அள்ளிக் கொடுத்தால் முதலாளிக்குப் பீதி. கொடுக்கும் நாளை மாற்றாதீர்கள், உச்சவரம்பை மட்டும் "இதுவரை உழைத்த கூலி" என்று இறக்குங்கள். கேட்டு வரும்போது சொல்லக் கூடாது. ஒரு வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

2 செப்டம்பர், செவ்வாய், இரவு 8.30 | கிழக்குக்களம்

எப்போது சொல்வது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமலே விட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை வேண்டாம். கூலி கையில், மறுநாள் விடுமுறை, கேட்க ஆளில்லை. ஞாயிறு முழுக்க அறையில் உட்கார்ந்து பேசிப் பேசி, திங்கள் காலை பையோடு நிற்பார்கள். புதன் காலை, வேலை தொடங்குமுன் பத்து நிமிஷம். பிறகு மூன்று வேலை நாள் இருக்கிறது, நினைத்துப் பார்த்து வந்து கேட்க. நாளைக்கே புதன்தான்.

பலகையில் மூன்று கட்டம்:

உறுதி: 2 கன்டெய்னர். அடுத்த வாரம் ஆளுக்கு 4 நாள். கூலி சனிக்கிழமை, மாற்றமில்லை.
பேச்சில்: 2 கன்டெய்னர் நிறுத்தி வைப்பு. ரத்து இல்லை.
தெரியாது: அக்டோபர்.

கீழே "அடுத்த தகவல்: 10 செப்டம்பர், புதன், காலை 8". புதிதாக ஒன்றுமே இல்லாவிட்டாலும் அன்று காலை 8க்கு நின்று "ஒன்றும் இல்லை" என்று சொல்ல வேண்டும். முதல் தடவை தப்பினால் பலகை வெறும் பலகை.

"நான் பாத்துக்கறேன்" என்ற வார்த்தை வாயில் வரக் கூடாது. உங்கள் கையில் இருப்பது மூன்று: அடுத்த வாரம் எத்தனை நாள் வேலை, கூலி என்றைக்கு, குறைக்க நேர்ந்தால் எந்த வரிசையில். வாக்கு அதற்கு மட்டும். வரி, அமெரிக்கா, அரசியல் எதையும் விளக்காதீர்கள். ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லலாம்: ஆகஸ்ட் 27க்கு முன் கப்பலில் ஏறி, செப்டம்பர் 17க்கு முன் அங்கே இறங்கிச் சுங்கத்தில் பதிவாகும் சரக்குக்கு, அந்த 50இல் 27ஆம் தேதி சேர்ந்த கூடுதல் 25 சதவீதம் கிடையாது. அந்தக் கன்டெய்னருக்குப் பணம் எப்போது வரும் என்பதும் கூலிக் கணக்கில் ஒரு வரிதான்.

இப்போது 4 நாள் எப்படி. ஆளுக்கு ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே என்று சிதறவிடாதீர்கள். தொடர்ச்சியாக இருந்தால்தான் உள்ளூர்க்காரர் மீதி ரெண்டு நாள் தேங்காய் உரிக்கவோ தோப்பு வேலைக்கோ போக முடியும். ரெண்டு பேட்ச் (அணி), ஒன்றுக்கு 19 பேர். முதல் பேட்ச் திங்கள்–வியாழன், இரண்டாவது புதன்–சனி. புதனும் வியாழனும் 38 பேரும் இருப்பார்கள். கன்டெய்னர் ஏற்றுவது அந்த ரெண்டு நாளில். 24 டன், 4,800 பிளாக், கை நிறைய ஆள் வேண்டும். பேட்ச் ஒன்றுக்குப் பிரஸ் ஆபரேட்டர் இருவர் கட்டாயம்.

வெளிமாநில ஆட்களுக்குக் கணக்கு வேறு. 4 நாள் 2,600. சாப்பாடு நாளைக்கு 120 என்றால் 7 நாளுக்கு 840. வீட்டுக்கு அனுப்ப 1,760. ஆறு நாள் வேலையில் அது 3,060. எல்லோருக்கும் சமம் என்பது காகிதத்தில் நன்றாக இருக்கும், ஆனால் வேலைக்காக 2,000 கிலோமீட்டர் தாண்டி வந்தவருக்கு அது சமம் இல்லை. உள்ளூரில் யாருக்கு 3 நாள் போதும் என்று கேட்டுப் பாருங்கள், சிலருக்கு உண்மையிலேயே போதும். பத்துப் பேர் சொன்னால் 10 ஆள்-நாள் மிச்சம், வெளிமாநிலத்தார் பத்துப் பேருக்கு 5 நாள். பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். யாருக்கு எத்தனை நாள் என்பதை மறைத்தால்தான் சண்டை.

இன்னொன்று, அவசரம். பீகார்க்காரர்கள் ஊருக்குப் போகும் பண்டிகையான சட் பூஜை அக்டோபர் 27, 28. ரயில் முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கும். நவம்பர் 3ஆம் தேதி திரும்பும் டிக்கெட் நாளை மறுநாள் 4ஆம் தேதி திறக்கிறது. தன்பாத்–ஆலப்புழா, பாட்னா–எர்ணாகுளம் இரண்டும் அந்தச் சமயம் உடனே நிரம்பும். திரும்பும் டிக்கெட் பாதிச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொள்ளட்டும். போகிற டிக்கெட்டுக்கு அல்ல. யார் எடுத்தார், யார் எடுக்கவில்லை என்பதைப் பார்த்தாலே நவம்பரில் கையில் எத்தனை ஆள் என்று தெரிந்துவிடும், யாரையும் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம்.

2 செப்டம்பர், இரவு 10.15 | வேலந்தாவளம்_பஸ்

மொழிபெயர்க்கிற ஆளைப் பாத்து வெச்சுக்குங்க. "நாளைக்கு லீவு"ங்கறதை மேஸ்திரி இந்தியில "சுட்டி"ம்பார். சுட்டின்னா லீவும்தான், வேலையை விட்டு நிறுத்தறதும்தான். "காம் பந்த்"ன்னாலும் அதே வம்பு. "வியாழக்கிழமை திரும்ப வேலை"ன்னு முதல்ல சொல்லிட்டு அப்புறமா லீவைச் சொல்லணும். மலையாளத்துல இன்னும் விசேஷம். "பணி கிட்டி"ன்னா வேலை கெடைச்சுதுன்னும் அர்த்தம், நல்லா மாட்டிக்கிட்டேன்னும் அர்த்தம். இப்ப இருக்கற நெலமைக்கு ரெண்டுமே சரிதான்.

2 செப்டம்பர், இரவு 10.40 | பித்_சூப்பர்வைசர்

வெள்ளிக்கிழமை திருவோணம். சித்தூர்க்காரங்க அன்னிக்கும் மறுநாளும் வர மாட்டாங்க. பேட்ச் பிரிக்கறதை 8ஆம் தேதியிலிருந்து தொடங்கலாமுங்களா? பலகை மட்டும் நாளைக்கு.

2 செப்டம்பர், இரவு 10.50 | கிழக்குக்களம்

சரி. இந்த வாரம் பலகை, அடுத்த வாரம் பேட்ச். ஒரே நாளில் ரெண்டையும் போட்டால் பேட்ச்சை மட்டும்தான் கேட்பார்கள்.

6 செப்டம்பர், சனி, மாலை 5.50 | வெயில்பார்ப்பவர்

கிழக்குக்களம் போட்ட அட்டவணை பிரஸ்ஸுக்குச் சரி, களத்துக்குச் சரிவராது. களத்தில் வேலையை முடிவு செய்வது கிழமை இல்லை, வெயில். செவ்வாய் விரித்த பித்தைப் புதன் மதியம் புரட்ட வேண்டும், மேகம் கூடினால் அரை மணியில் கூட்டி மூட வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று திரும்பினால் விரித்ததில் பாதி பக்கத்துத் தோப்பில் இருக்கும். பேட்ச் மாறும் நாளில் யார் விரித்தது, ஈரம் எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

களத்துக்குத் தனியாக 8 பேர். கிழமை இல்லை, வாரம் 4 நாள் உத்தரவாதம் மட்டும். காலை 7க்கு முன் "இன்று வேண்டாம்" என்று சொன்னால் கூலி இல்லை. 7க்குப் பின் சொன்னால், அல்லது ஆள் வந்து நின்ற பிறகு மழை பிடித்தால், அரைக் கூலி. இந்த அரைக் கூலி விதி இல்லாவிட்டால் மூன்றாம் தடவை யாரும் வர மாட்டார்கள்.

6 செப்டம்பர், இரவு 9.00 | கிழக்குக்களம்

ஒப்புக்கொள்கிறேன். 8 பேரைப் பேட்ச்சிலிருந்து வெளியே எடுங்கள், மீதி 30 பேர் 15–15. அந்த 8 பேர் பட்டியலில் இருப்பவர்கள் தாமாக முன்வந்தவர்களாக இருக்கட்டும். களத்துக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

14 செப்டம்பர், ஞாயிறு, மதியம் 3.20 | பேரோல்_மேசை

மேலே "3 நாள் போதும்" என்று ஒரு யோசனை போகிறது. இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பக்கம் யாரும் பார்க்கவில்லை.

அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரு பங்களிப்புக் காலம். அதில் 78 நாளுக்கான பங்களிப்பு இருந்தால்தான் அடுத்த ஜூலை–டிசம்பரில் நோய்க்கால உதவி: சம்பளத்தில் 70 சதவீதம், 91 நாள் வரை. ஆறு மாதம் என்பது 26 வாரம். வாரம் 4 நாள் என்றால் 104, பயமில்லை. 3 நாள் என்றால் சரியாக 78. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் போயிற்று. ஆள் எட்டு மாதம் கழித்து கை உடைந்து வரும்போதுதான் இது தெரியும், அப்போது யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே 78ஐ எழுதி மாதாமாதம் கழித்துக்கொண்டு வாருங்கள்.

லே-ஆஃப் (வேலை இல்லாததால் ஆளைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது) பற்றி: 1947 தொழில் தகராறுச் சட்டப்படி 50 பேருக்குக் குறையாத யூனிட்டில், ஓராண்டு தொடர் பணி முடித்தவருக்கு, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி. 50க்குக் கீழே இந்தப் பிரிவு பொருந்தாது. "அப்படியானால் நமக்கு ஒன்றும் இல்லை" என்று குதிக்க வேண்டாம். லே-ஆஃப் செய்யும் உரிமை ஒப்பந்தத்திலோ நிலையாணையிலோ (நிறுவனத்தின் பணி விதிகள்) இல்லாவிட்டால் முழுக் கூலி கேட்டு வழக்குப் போடலாம். ஆகவே 4 நாள் ஏற்பாட்டை ஒவ்வொருவரிடமும் அவரவர் மொழியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், முடியும் தேதியோடு. ஆட்குறைப்பு (ஆளை நிரந்தரமாக நீக்குவது) என்பது வேறு. அதற்கு 50 வரம்பு இல்லை. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான கூலி, முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரிக் கூலி, கடைசியில் வந்தவர் முதலில்.

போனஸ் குறைந்தபட்சம் 8.33 சதவீதம். இது போன நிதியாண்டுக் கணக்கு, இந்த வருஷ ஆர்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தீபாவளிக்கு முன் "நிலைமை சரியில்லை" என்று அதைத் தொட்டுவிடாதீர்கள்.

15 செப்டம்பர், திங்கள், இரவு 9.10 | கிழக்குக்களம்

78 எனக்குத் தோன்றவே இல்லை. திருத்தம்: 3 நாள் ஒருவருக்கே நிரந்தரமாக வேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறட்டும். ஒருவர் ரெண்டு மாதம் 3 நாளும் மீதி நாலு மாதம் 4 நாளும் வந்தால் 95க்கு மேல் நிற்கும், நாலைந்து நாள் விடுப்புக்கும் இடம் உண்டு.

முதலாளிக்கும் இதையே காட்டுங்கள். அவருக்கு இது செலவில்லாத நல்ல பெயர்.

7 அக்டோபர், செவ்வாய், காலை 6.45 | வேலந்தாவளம்_பஸ்

பீகார் தேர்தல் தேதி வந்தாச்சு. நவம்பர் 6, 11. சட் பூஜைக்குப் போறவங்க ஓட்டுப் போடாம வர மாட்டாங்க. நவம்பர் 3 டிக்கெட்டு எல்லாம் காத்துல.

7 அக்டோபர், இரவு 8.00 | கிழக்குக்களம்

அப்படியானால் தொகுதி வாரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: யாருக்கு 6, யாருக்கு 11. 3ஆம் தேதி டிக்கெட்டை ரத்து செய்ய விடுங்கள், பிடித்தத்தைக் கம்பெனி ஏற்கட்டும். பிடிவாதம் பிடித்தால் ஆளும் போகும், டிக்கெட்டும் போகும். 12க்குப் பின் திரும்பும் டிக்கெட்டை இன்றே பாருங்கள். அந்த ரெண்டு வாரம் பிரஸ்ஸில் உள்ளூர் ஆள் நிற்க வேண்டும், அவர்களுக்கு 6 நாள் கிடைக்கும். செப்டம்பரில் 3 நாள் ஒத்துக்கொண்டவர்களுக்கு முதல் உரிமை.

18 அக்டோபர், சனி, மாலை 4.30 | கிழக்குக்களம்

மழை பிடித்துவிட்டது, களம் மூடல். கை மாற்றிப் பழக்க இதைவிட்டால் நேரம் இல்லை. ஒரு சார்ட் போடுங்கள்: இடது பக்கம் பெயர், மேலே வேலை. சல்லடை, கழுவல், ஈசி, பிரஸ், சுற்றுதல், ஏற்றுதல், ஹைட்ராலிக். ஒரு வேலைக்கு மூன்று பேராவது, ஒருவருக்கு ரெண்டு வேலையாவது. வட்டத்தைக் கால், அரை, முழு என்று நிரப்புங்கள். பார்த்திருக்கிறார், உடன் ஆள் நின்றால் செய்வார், தனியாகச் செய்வார்.

ஈசி சோதனையை யாருக்கும் ஒரு நாளில் கற்றுக்கொடுக்கலாம், ஆனால் மீட்டரை 1.413 கரைசலில் (ஈசி அளவு முன்பே தெரிந்த கரைசல்) சரிபார்க்கும் பழக்கத்தை முதலில் கற்றுக்கொடுங்கள். மீட்டர் பொய் சொன்னால் கன்டெய்னரே திரும்பும், அந்த மாதத்தில் ஒரு கன்டெய்னர் திரும்பினால் பலகையில் எழுத இடம் இருக்காது.

பிரஸ் மட்டும் அவசரப்படாதீர்கள். இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் இறங்கும் பிரஸ்ஸாக இல்லாவிட்டால் புது ஆளை நிறுத்தவே வேண்டாம். வேலை குறைந்த காலத்தில்தான் விரல் போகும். ஆள் குறைவு, பழகாத கை, "சீக்கிரம் முடிச்சிட்டுப் போலாம்" என்ற நினைப்பு, மூன்றும் அப்போதுதான் ஒன்றாக வரும். சீல் மாற்றும்போது மெயினை இறக்கி, பூட்டு போட்டு, சாவி வேலை செய்கிறவர் பையில்.

22 நவம்பர், சனி, காலை 10.00 | பேரோல்_மேசை

செப்டம்பர் 14 குறிப்பைப் பழைய சட்டம் என்று குறித்துக்கொள்ளுங்கள். நேற்று முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. லே-ஆஃபில் பாதிச் சம்பளம், 50 பேர் வரம்பு இரண்டும் புதிய தொகுப்பிலும் அப்படியே. ஆட்குறைப்புக்கு 15 நாள் கணக்கும் அப்படியே. மாறியது: லே-ஆஃபுக்கும் ஆட்குறைப்புக்கும் அரசிடம் முன் அனுமதி வாங்கும் வரம்பு 100 பேர் என்றிருந்தது 300 பேர் என்று ஏறியிருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்குத் திறன் மேம்பாட்டு நிதியாக மேலும் 15 நாள் கூலி. யாராவது விலகினாலும் நீக்கப்பட்டாலும் இரண்டு வேலை நாளுக்குள் கூலி பாக்கியைத் தீர்க்க வேண்டும். "சனிக்கிழமை வந்து வாங்கிக்கோ" இனி செல்லாது.

22 நவம்பர், இரவு 9.30 | பித்_சூப்பர்வைசர்

4 நாள் ஏற்பாட்டுக் காகிதத்துல முடியற தேதி நவம்பர் 30ன்னு போட்டிருக்குங்க. ஒரு கன்டெய்னர் டிசம்பருக்கு உறுதி, இன்னொன்னு இன்னும் தொங்குது. நீட்டிக்கலாமா?

23 நவம்பர், ஞாயிறு, காலை 8.15 | கிழக்குக்களம்

பழைய காகிதத்தில் தேதியை அடித்து மாற்றாதீர்கள். புதுக் காகிதம், புதுக் கையெழுத்து, புதன் 26ஆம் தேதி பலகையோடு. உறுதியான கன்டெய்னருக்கு ஈடாக 5 நாள் ஆக்க முடிந்தால் ஆக்குங்கள், ஒரு வாரம் என்றாலும். ஏறுமுகம் ஒன்று பலகையில் தெரிய வேண்டும்.

டிசம்பர் 11 வியாழன் பாலக்காட்டில் உள்ளாட்சித் தேர்தல். சித்தூர், கொழிஞ்சாம்பாறைக்காரர்கள் இருக்க மாட்டார்கள். அந்த வாரக் கன்டெய்னரைப் புதன்கிழமையே ஏற்றிவிடுங்கள், வண்டிக்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.